அப்பாயி, அம்மாயி என்றே பழக்குங்கள்

"எங்கள் பூர்வீகம் மலையகம். மகள் கொழும்பில் வளர்கிறாள். தாத்தா பாட்டியை என்ன சொல்லிக் கூப்பிடப் பழக்குவது? நம் பக்கம் பெயர் வைக்கும் வழக்கம் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டில் என்ன சொன்னார்களோ அதையே பழக்குங்கள். நாங்கள் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவின் அம்மா அப்பாயி, அம்மாவின் அம்மா அம்மாயி, இரண்டு பக்கமும் தாத்தா. அதே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், மூன்றாவது காம்பராவில் (அறையில்) அப்பத்தா, கடைசிக் காம்பராவில் அம்மாச்சி. சின்ன வயதில் அதெல்லாம் அவரவர் சொந்தப் பெயர் என்றே நினைத்திருந்தேன். தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்த கங்காணிமார் தங்கள் ஊர்ச்சனத்தையும் சொந்தபந்தத்தையும்தான் திரட்டிக் கூட்டி வந்தார்கள். அதனால் ஊர்ப்பேச்சும் கூடவே கப்பலேறியது. அப்பாயி என்றால் பெரும்பாலும் திருச்சி, சேலம் பக்கம். அப்பத்தா என்றால் மதுரை, சிவகங்கைப் பக்கம். 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை போடுவதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே வந்த குடும்பங்கள் உண்டு. அவர்களில் எத்தனையோ பேருக்குப் பூர்வீக ஊரின் பெயர் மறந்துவிட்டது, கூப்பிடும் முறை மறக்கவில்லை. யாழ்ப்பாணத்து அம்மம்மா, அப்பம்மா அழகான சொற்கள்தான். ஹட்டன் டவுனிலேயே பல பிள்ளைகள் இப்போது அப்படிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு என்னவோ மனசு கேட்பதில்லை.

'தாத்தா' மட்டும் கொஞ்சம் கவனம். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. நம் தாத்தா அவர்களுக்குச் சீயா. முஸ்லிம் வீடுகளிலோ அக்காவைத் தாத்தா என்பார்கள். இந்த ஒரு சொல்லால் நான் பட்டது நிறைய.

நான் பிறந்தபோது அப்பா வெளியூரில். பிறப்புப் பதிவுக்கு அம்மாயிதான் போனார். கொழுந்து எடுத்த கை, சிங்களம் நாலு சொல் தெரியும். எழுதுகிறவர் "தாத்தாகே நம மொகக்த?" என்று, அதாவது அப்பா பெயர் என்ன என்று, கேட்டிருக்கிறார். அம்மாயிக்குத் 'தாத்தா' மட்டும் விளங்கியது. எங்கள் பக்கம் பெண்கள் புருசன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். ரேசன் கடையில்கூட அம்மாயி பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார். பேத்திக்காக அன்று ஒரே ஒரு தடவை தாத்தாவின் பெயரைச் சொன்னார். அது என் தகப்பன் பெயராகப் பதிந்துவிட்டது. சான்றிதழ் சிங்களத்தில் இருந்ததால் வீட்டில் யாராலும் வாசிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அதிபர்தான் சொன்னார், காகிதத்தில் அம்மாவும் நானும் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் எல்லாம். அது பிழைத்தால் ஆளே பிழைத்த மாதிரி. சத்தியம் செய்து கையெழுத்திடும் சத்தியக்கடதாசி முடித்து, அலுவலகம் அலுவலகமாக அலைந்து, சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்கிற நேரத்தில்தான் சரியானது. அதுவரைக்கும் அம்மாயி என் முன்னால் அந்தப் பேச்சை எடுக்கவே விடமாட்டார்.

பெயர் வைப்பதற்கு வருகிறேன். பேரன், பேத்தி என்பவை பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவை; பாட்டன் பாட்டியின் பெயரைக் கொண்டவர்கள். மூத்த பிள்ளைக்கு அப்பா வழிப் பெயர் போகும். எனக்கு அப்பாயி பெயர். மாமியார் பெயரை அம்மா எப்படிச் சொல்வார்? இன்றுவரை நான் அவருக்குப் 'பாப்பா'தான். அப்பாவுக்கோ நான் 'ஆயி', தன் தாயைக் கூப்பிடுவது போலவே, "ஆயி, சாப்பிட்டீங்களா?" என்பார், எட்டு வயதுப் பிள்ளையிடம்.

பழைய பெயர்களை மட்டமாக நினைக்காதீர்கள். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பாயி, குப்பன் என்பார்கள். மூக்குக் குத்தி மூக்காயி, மூக்கன் என்பார்கள். எமன்கூட வேண்டாமென்று விடட்டும் என்றுதான். எங்கள் அம்மாயி ஒரு குப்பாயி. அவருக்கு முன்னால் பிறந்த இருவரும் தங்கவில்லை. இப்போதைய சின்னப் பெயர்கள் காதுக்கு இனிமைதான், ஆனால் ஒரு குப்பாயியைக் காப்பாற்ற ஒரு தாய் பட்ட பாடு அவற்றில் இல்லை.

என் மகளைப் பதியக் கொழும்பில் போனபோது அம்மாயியும் கூட வந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் "தாத்தாகே நம?" என்று கேட்டதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவரு பேரில்ல பாப்பா. புள்ளயோட அப்பன் பேரு."