வெயில் அடிக்கிறது, சோலார் ஓடவில்லை: ஏன்?

கேள்வி: மின்வெட்டுக்குப் பயந்துதான் மாடியில் 5 கிலோவாட் சோலார் போட்டேன். இப்போது தினமும் பகலில் 2 மணி நேரம், இரவில் 4 மணி நேரம் கரண்ட் போகிறது. பகலில் போகும்போது சோலாரும் சேர்ந்தே நின்றுவிடுகிறது. கேட்டால், "அது அப்படித்தான் சார்" என்கிறார் பொருத்தியவர். பேட்டரி வைத்தால் சரியாகுமா? எவ்வளவு பெரியது வேண்டும்?

பதில்: அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். அது கம்பியில் வரும் மின்சாரத்தின் வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் பார்த்து, அந்தத் தாளத்துக்குத்தான் ஓடும். தாளம் நின்றால் இரண்டு நொடிக்குள் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. காரணம், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேன். உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குப் போனால் அவர் உயிர் போகும். சிலர் சின்ன ஜெனரேட்டரையோ யுபிஎஸ்ஸையோ கோத்து இன்வெர்ட்டரை 'ஏமாற்றி' ஓட்டித் தருகிறேன் என்பார்கள். வேண்டவே வேண்டாம். மிஞ்சும் சோலார் மின்சாரம் போக வழியில்லாமல் திரும்பி அந்தக் கருவிகளையே எரித்துவிடும்.

ஆன்-கிரிட் சோலார் மின் கட்டணத்தைக் குறைக்கும், மின்வெட்டைத் தீர்க்காது. தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது, கூரை சோலார் 2022 மார்ச்சில் சுமார் 1,000 மெகாவாட்டாக இருந்தது, 2023 நடுவில் 4,400 மெகாவாட்டைத் தாண்டியது. அங்கே இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் பேனலோடு பேட்டரியையும் சேர்த்து வாங்க ஓடினார்கள்.

சரி, எவ்வளவு பேட்டரி? பேனலின் கிலோவாட்டை மறந்துவிடுங்கள். இரவு 4 மணி நேரத்துக்கு எது ஓடியே ஆக வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். பழைய ரக ஃபேன் மூன்று, 225 வாட். எல்இடி விளக்கு ஐந்து, 45. வைஃபை ரவுட்டர் 10. ஃபிரிட்ஜ் விட்டு விட்டு ஓடுவதால் சராசரியாக 60. மொத்தம் 340 வாட். நான்கு மணி நேரத்துக்கு 1.36 யூனிட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 1.6. லித்தியம் பேட்டரியின் சார்ஜில் 80 சதவீதத்தைச் செலவழிக்கலாம், அதனால் 2 யூனிட் கொள்ளளவு போதும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும்; அதில் 3.2 யூனிட் வேண்டும், அதாவது 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி இரண்டு.

இன்னொன்று. அந்த மூன்று ஃபேனையும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக (மின்சாரம் குறைவாக இழுக்கும் புது ரகம்) மாற்றினால் லித்தியம் கணக்கு 2 யூனிட்டிலிருந்து 1.2-க்கு இறங்கிவிடும். பேட்டரி கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்!

பகல் வெட்டுக்கு இரண்டு வழி. ஒன்று, இன்வெர்ட்டரையே ஹைபிரிட்டாக, அதாவது பேனல், பேட்டரி, கம்பி மூன்றையும் ஒன்றாகக் கையாளும் ரகமாக மாற்றுவது. பத்து பேனலைத் தொடராகக் கோத்திருந்தால் வோல்டேஜ் 500-ஐ நெருங்கும், குளிரான காலையில் இன்னும் ஏறும். மலிவான ஹைபிரிட்கள் பல அதைத் தாங்காது, வாங்கும் முன் எத்தனை வோல்ட் தாங்கும் என்று அதன் விவர அட்டையில் படியுங்கள். மற்றது, இருப்பதை வைத்துக்கொண்டே பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்றைச் சேர்ப்பது. கரண்ட் போனதும் அது வீட்டைக் கம்பியிலிருந்து துண்டித்து, தானே தாளம் போடும். பழைய இன்வெர்ட்டர் அதைப் பின்பற்றும். ஆனால் இதற்குப் பேட்டரி இன்வெர்ட்டரும் 5 கிலோவாட்டுக்குக் குறையக்கூடாது. பேட்டரியும் அதற்கு ஏற்றதாக வேண்டும், மேலே சொன்ன 2 யூனிட் போதாது. அதனால் உங்களுக்கு ஹைபிரிட்தான் என் கட்சி. எதுவானாலும் மின் இணைப்பு தரும் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் மோட்டாரை பேக்கப் லைனில் (பேட்டரியில் ஓடும் லைன்) சேர்க்காதீர்கள். கிளம்பும்போது பல மடங்கு இழுத்து இன்வெர்ட்டரை டிரிப் ஆக்கும். கரண்ட் இருக்கும்போதே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், நடுப்பகலில் மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லுங்கள். ஃபேன் சுற்றினால் பணம் கொடுங்கள்.