குடிலைப் பெட்டியில் வைக்கும் முன் உப்பைத் துடையுங்கள்

கேள்வி: ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் வடகடலைப் பார்த்த வீடு எங்களுடையது. போன வருடம் பத்திரமாகச் சுருட்டி வைத்த சீரியல் லைட்டு இந்த டிசம்பரில் பாதிதான் எரிந்தது. மாதா சுரூபத்தின் அடிப்பாகம் மாவாக உதிர்கிறது. லீவு முடிவதற்குள் பிள்ளைகளோடு உட்கார்ந்து கிறிஸ்துமஸ் குடில், ஸ்டார், லைட்டு எல்லாவற்றையும் எடுத்துவைக்கப் போகிறோம். எப்படி வைத்தால் கெடாது?

பதில்: இரண்டையும் கெடுத்தது உப்புதான். பொருட்களோடு சேர்ந்து அதுவும் பெட்டிக்குள் போய்விட்டது.

கிறிஸ்துமஸ் நேரம் நம் பக்கம் வாடைக்காற்று அடிக்கும் காலம். வடகடல் அலையில் தெறிக்கும் துளிகளைக் காற்று வீடுவரை கொண்டுவரும். துளி காய்ந்தால் மிஞ்சுவது உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே நீர் விட்டுக்கொள்ளும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவு ஈரம்கூடத் தேவையில்லை. கடற்கரை ராத்திரிகளில் இந்த ஈரம் சகஜம். ஆகவே உப்போடு சுருட்டிய லைட்டில் செம்புக் கம்பி வருடம் முழுக்க அரிபட்டுக்கொண்டே இருக்கும். பல்பு கம்பியோடு சேரும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால், ஓரிடத்தில் கம்பி விட்டுப்போனாலும் அந்தப் பகுதி மொத்தமும் அணைந்துவிடும்.

அவசரம் வேண்டாம். மூவரசர் திருநாள் ஜனவரி 6; நம் நாட்டில் அதை ஒட்டிய ஞாயிறன்று கொண்டாடுகிறோம். கிறிஸ்துமஸ் காலமே ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடுதான் முடிகிறது. வெளியே காற்றில் தொங்கும் ஸ்டாரையும் லைட்டையும் முதலில் இறக்குங்கள். வீட்டுக்குள் இருக்கும் குடில், ராஜாக்கள் வந்து சேரும்வரை இருக்கட்டும்.

லைட்டைக் கழற்றுமுன் ஒருமுறை எரியவிட்டு, எரியாத பகுதியில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய பனியன் துணியைக் குடிதண்ணீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து ஒயரை முழம் முழமாகத் துடையுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் பல இடங்களில் அது உவர் தண்ணீர், துடைத்த இடத்திலேயே உப்பை விட்டுவிடும். ஒருவர் ஒயரைப் பிடிக்க, ஒருவர் துடைக்க, இன்னொருவர் துணியை அலசிக் கொடுத்தால் வேலை ஓடும். பிளக்குக்கும் கன்ட்ரோல் பெட்டிக்கும் உலர்ந்த துணி மட்டும். காலை 11 மணிக்கு மேல் நிழலில் விரித்துக் காயவைத்து, பிற்பகல் 3 மணிக்குள் பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். பகலில் அந்த நேரத்தில்தான் காற்றில் ஈரம் குறைவு. இருட்டிய பிறகு மூடினால் ஈரமும் உள்ளே போய்விடும். முழங்கையில் இறுக்கிச் சுருட்டாமல் அட்டையில் தளர்வாகச் சுற்றுங்கள். ஒயரின் தோல் வெடித்திருந்தால் டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். நேரே 230 வோல்ட்டில் செருகுகிற செட் அது. பிள்ளைகள் தொடும் இடத்தில் தொங்குகிறது. தூக்கிப் போடுங்கள்.

சுரூபம் உதிர்வதற்குப் பெரும்பாலும் காரணம் குடிலில் பரப்பும் கடற்கரை மணல். மணலின் உப்பு ஈரத்தோடு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்குள் ஏறுகிறது. காயும்போது உள்ளேயே படிகமாகி, பெயிண்ட்டையும் மாவையும் தள்ளிவிடுகிறது. ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் கரையும். மென்மையான பெயிண்ட் பிரஷால் உலர்வாகத் தட்டி, ஒரு வாரம் நிழலில் காயவையுங்கள். மறுபடி வெள்ளை பூத்தால் மறுபடி தட்டுங்கள். பூப்பது நின்றபின், ஒரு பங்கு ஃபெவிகாலில் மூன்று பங்கு குடிதண்ணீர் கலந்து, அடிப்பக்கத்தில் மட்டும் மெல்லிசாக இரண்டு முறை பூசுங்கள். உள்ளே இறங்கிய உப்பு முழுக்கப் போகாது, ஆனால் உதிர்வது குறையும். அடுத்த முறை மணலுக்குப் பதில் மரத்தூள் பரப்புங்கள். மணல்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு சுரூபத்தின் கீழும் ஒரு துண்டு வழவழப்பான டைல்ஸ் வையுங்கள்.

சுற்றுவதற்குப் பழைய பருத்தி வேட்டி நல்லது. பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். அரிசி போட்டால் வண்டு வரும். குடிலுக்கு வேய்ந்த பனை ஓலையையும் வைக்கோலையும் சேர்த்து வைக்காதீர்கள், கரையானும் எலியும் தேடி வரும்.

இதே ஈரத்தில் நமுத்த கிறிஸ்துமஸ் முறுக்கை வெறும் வாணலியில் சிறு தீயில் சூடு காட்டி, நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். எண்ணெய்ச் சிக்கு வாடை வந்திருந்தால் வீசிவிடுங்கள்.

24, 31 நள்ளிரவுத் திருப்பலிகளால் பிள்ளைகளின் தூக்கம் மாறியிருக்கும். பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போதே, தினம் 15 நிமிடம் முன்னதாக எழுப்பத் தொடங்குங்கள். சீக்கிரம் எழுந்தால் ராத்திரி தூக்கம் தானாக முன்னே வரும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். எடுத்துவைக்கும் வேலையைப் பகலில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டியைக் கடல் பக்கச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். குழந்தை இயேசு சுரூபத்தைத் தனிச் சிறு டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அடுத்த 24-ஆம் தேதி ராத்திரி அவசரத்தில் தேடுவது அதைத்தான்.