எச்.பி.வி. 16 பாசிட்டிவ்: தொற்று வந்த செல் ஏன் சாகவில்லை?

கேள்வி: எனக்கு 38 வயது. எச்.பி.வி. பரிசோதனையில் 16-ஆம் வகை பாசிட்டிவ். பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ச் செல் பரிசோதனை) நார்மல். வைரஸ் புகுந்த செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்று படித்தேன். எனக்கு ஏன் அது நடக்கவில்லை? இது புற்றுநோயா?

பதில்: இந்த ரிசல்ட்டுக்குப் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. வைரஸ் இருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலோருக்கு இது ஓரிரு ஆண்டுகளில் தானாகவே அடங்கிவிடும்.

நீங்கள் படித்தது சரிதான். ஆனால் இந்த வைரஸ் அதற்கும் வழி வைத்திருக்கிறது. பெருகுவதற்கு அதற்குச் செல்லின் டி.என்.ஏ. நகலெடுக்கும் கருவிகள் வேண்டும். அதற்காக, பிரிவதை நிறுத்தப்போகும் செல்லை இ7 என்ற தன் புரதத்தால் மறுபடி பிரியவைக்கிறது. வேளைகெட்ட வேளையில் பிரிவதை செல் உணர்ந்துகொள்ளும். அப்போது செல்லின் பி53 என்ற புரதம் குவிந்து, 'நிறுத்து, இல்லாவிட்டால் செத்துப்போ' என்று கட்டளையிடும். அங்கேதான் வைரஸின் இன்னொரு புரதமான இ6 குறுக்கே வருகிறது. அது பி53-ஐத் தானே உடைப்பதில்லை. செல்லுக்குச் சொந்தமான ஒரு நொதியைக் கூட்டிவந்து, 'இது கழிவு' என்று பி53-இன்மேல் முத்திரை குத்தவைக்கிறது. மீதியைச் செல்லின் கழிவு எந்திரமே பார்த்துக்கொள்ளும்.

ஒரு பெண்ணின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து 1951-இல் எடுக்கப்பட்டு இன்றும் ஆய்வகங்களில் வளரும் ஹீலா செல்களில் இதை நேரில் பார்க்கலாம். அவற்றில் இருப்பது எச்.பி.வி. 18. பி53 மரபணு பழுதில்லாமல்தான் இருக்கிறது, புரதம்தான் தங்குவதில்லை. இ6, இ7 இரண்டையும் அடக்கினால் பி53 திரும்பி வருகிறது, செல்கள் பிரிவதை நிறுத்துகின்றன. இத்தனை வருடம் கழித்தும்!

சாக வேண்டிய செல் சாகாமல் ஆண்டுக்கணக்கில் பிரிந்துகொண்டே இருந்தால் டி.என்.ஏ. பிழைகள் சேரும். ஆபத்து அதில்தான். தொற்று நிலைத்துவிட்டாலும் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

சரி, இப்போது என்ன செய்வது? பாப் நார்மல்தானே என்று விட்டுவிடாதீர்கள். 16, 18 வகைகள் என்றால் பாப் நார்மலாக இருந்தாலும் கால்போஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டால் அங்கிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் அகற்றிவிட முடியும்.

இன்னொன்று, தொற்று எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பல வருடம் பழையதாகவும் இருக்கலாம். இதை வைத்து உங்களையோ கணவரையோ சந்தேகிக்க வேண்டாம். தடுப்பூசி இந்தத் தொற்றைப் போக்காது. வீட்டில் 9 முதல் 14 வயதில் மகள் இருந்தால் அவளுக்கு இப்போதே போட்டுவிடுங்கள்.