ஸ்கூல் திறந்தாச்சு, பிள்ளைங்க உடம்பைப் பத்தி கேளுங்க (நவம்பர் 2021)

கிராம சுகாதார நர்ஸா 20 வருஷம் வேலை பார்த்திருக்கேன், தெரிஞ்சதை சொல்றேன். கொரோனா காய்ச்சல் நம்ம பிள்ளைங்களை பெருசா படுத்தல, அந்த நேரத்துல விட்டுப்போனதுதான் படுத்துது.

கே: அக்கா, பையனுக்கு 2 வயசாகப் போகுது. 9 மாசத்து ஊசி போட்டாச்சு, ஒன்றரை வயசு ஊசி ரெண்டாவது அலைல பயந்துட்டு போடல. முதல்ல இருந்து போடணுமா?

வேணாம்மா, விட்ட இடத்துல இருந்து போட்டா போதும். அட்டையை எடுத்துட்டு வர்ற புதன்கிழமையே போங்க, எம்.ஆர். (மணல்வாரி அம்மை, ரூபெல்லா ஊசி) ரெண்டாவது டோஸ், டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் ஊசி) பூஸ்டர், போலியோ சொட்டு மூணும் ஒரே நாள்ல போட்டுருவாங்க. நீங்க மட்டும் இல்ல, 2020ல உலகம் முழுக்க 2 கோடியே 30 லட்சம் குழந்தைங்களுக்கு அடிப்படை ஊசி முழுசா போய்ச் சேரல. எனக்கு பயமே மணல்வாரி அம்மைதான், அது கொரோனாவை விட வேகமா பரவும், ஊசி போடாத பிள்ளைங்க நாலு பேர் ஒரு தெருவுல இருந்தா போதும்.

கே: 4-ம் வகுப்பு பொண்ணு, ரொம்ப இளைச்சுட்டா, மத்தியானம் தூங்கி வழியுறா. ஸ்கூல் மூடியிருந்தப்ப சத்துணவுக்குப் பதிலா அரிசி பருப்பு கொடுத்தாங்களே?

கொடுத்தாங்க, ஆனா வீட்டுக்கு வந்த அரிசி வீட்டுல இருக்குற எல்லாருக்கும்தானே உலையில ஏறும், வேலை இல்லாத வீட்டுல வேற என்ன செய்வாங்க பாவம். சத்துணவுன்னா அவ தட்டுல வாரம் 5 முட்டை அவளுக்குன்னே விழும். ரத்தத்துல எச்.பி. (ஹீமோகுளோபின், ரத்தசோகை இருக்கான்னு காட்டுற அளவு) பாருங்க, பூச்சி மாத்திரை கொடுத்தாங்களான்னு கேளுங்க. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனா எச்.பி. குறைஞ்சிருந்தா கீரை மட்டும் போதாது, இரும்புச்சத்து மாத்திரை வேணும்.

கே: ஆன்லைன் கிளாஸ் ஆரம்பிச்சதுல இருந்து பையன் டிவிகிட்ட போய் நின்னு பார்க்குறான்.

கண் டாக்டர்கிட்ட காட்டுங்க, தள்ளிப்போடாதீங்க. தினம் ரெண்டு மணி நேரம் வெளிச்சத்துல விளையாட விடுங்க.

கே: பக்கத்து வீட்டு பொண்ணு 9-ம் வகுப்போட நின்னுட்டா, 15 வயசு, மாப்பிள்ளை பார்க்குறாங்க. நான் சொன்னா சண்டை வரும்.

நீங்க சண்டை போட வேணாம், குழந்தைங்க உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது, உங்க பேரு சொல்லணும்னும் இல்ல. 18 வயசுக்கு முன்னாடி கல்யாணம் சட்டப்படி குத்தம். பதினாறு வயசுல, அதுவும் ரத்தசோகையோட பிரசவத்துக்கு வந்த பிள்ளைங்களை நான் கையில பிடிச்சிருக்கேன், அதனாலதான் கெஞ்சிக் கேக்குறேன். அவ கிளாஸ் டீச்சர்கிட்டயும் பேசுங்க, ஃபீஸ் கட்ட முடியாம நின்னிருந்தா பக்கத்து அரசுப் பள்ளில சேர்த்துக்குவாங்க. நிச்சயத்துக்கு தேதி குறிக்கிறதுக்குள்ள, இன்னைக்கே பண்ணுங்கம்மா.