குறியீட்டுக்குள் ஊர்ப்பெயர் எதற்கு?

கேள்வி: எங்கள் இலக்கிய மன்றத்தின் பழைய ஆண்டு மலர்களை ஸ்கேன் செய்து மின்னூலகமாக வைக்கப்போகிறோம். ஒவ்வொன்றுக்கும் இணைய இணைப்பாகவும் பயன்படும் நிரந்தர அடையாளக் குறியீடு வேண்டுமாம். 'ஈசூன்-மலர்-1987' என்கிற மாதிரி வைக்கலாமா?
- வாசகர், ஈசூன்

பதில்: வேண்டாம். பார்த்ததும் புரிகிறதே என்று இப்போது சந்தோஷமாகத்தான் இருக்கும். நாளைக்கு மன்றம் உட்லண்ட்ஸுக்கு மாறும். அட்டையில் 1987 என்றிருந்தாலும் அச்சானது மறு ஆண்டு என்று ஓர் உறுப்பினர் கிளப்புவார். உடனே குறியீட்டைத் திருத்தக் கை துறுதுறுக்கும். திருத்தினால், மலரை மேற்கோள் காட்டிய மாணவியின் ஆய்வேட்டில் அந்த இணைப்பு செத்துப்போகும். ஊர், ஆண்டு, தலைப்பு எல்லாம் விவரப் பதிவில் இருக்கட்டும். அங்கே எத்தனை முறை திருத்தினாலும் பாதகமில்லை.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களைத் திரட்டி வைத்திருக்கும் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் கட்டுரை முகவரியிலேயே பத்திரிகைப் பெயரும் தேதியும் வருகின்றனவே என்பீர்கள். நாளிதழ் வெளியான தேதி மாறாது, சரி. உங்கள் மலருக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பரவலாகக் கொடுக்கும் டிஓஐ (DOI) என்ற நிரந்தரக் குறியீட்டை வாங்கலாம். '10.' என்று தொடங்கும். ஆனால் பதிவு நிறுவனத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். சின்ன மன்றத்துக்கு 2001இல் வந்த, அதே மாதிரியான ஆர்க் (ARK) என்ற குறியீட்டு முறையே போதும் என்பது என் கட்சி. நிறுவனத்துக்கான எண்ணை இலவசமாகவே தருகிறார்கள். அதில் பலரும் பயன்படுத்தும் எழுத்துத் தொகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: இலக்கங்களும் ஆங்கில மெய்யெழுத்துகளுமாக மொத்தமே 29. உயிரெழுத்து கிடையாது, தற்செயலாக ஏதாவது கெட்ட வார்த்தை அமைந்துவிடக் கூடாதே! 'எல்' (l) கிடையாது, 1 என்ற இலக்கத்தோடு குழம்பும். கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்தும் சேர்த்துக்கொண்டால், தட்டும்போது இரண்டு எழுத்து இடம் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அதே மலரை இன்னும் தெளிவாக ஸ்கேன் செய்தால் பழைய குறியீடே போதும். புதுக் கட்டுரை சேர்த்த பதிப்பென்றால் புதிதாகக் கொடுங்கள். எந்த மலரையாவது தளத்திலிருந்து எடுக்க நேர்ந்தால் அதன் குறியீட்டை வேறொன்றுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். 'நீக்கப்பட்டது' என்று ஒரு பக்கம் அங்கே நிற்கட்டும். அப்புறம், தளம் இடம் மாறும்போதெல்லாம் புதிய முகவரியைப் பதிய ஓர் ஆள் வேண்டும். செயலாளர் மாறும்போது கணக்கு நோட்டோடு அந்தப் பதிவுக்கான கடவுச்சொல்லையும் கைமாற்றுங்கள்.

கேள்வி: ஐஎஸ்பிஎன் எண் இருந்தால் போதாதா?
- வாசகி, தோ பாயோ

பதில்: அது புத்தகத்தின் ஒரு பதிப்பைக் காட்டும், சொடுக்கினால் எங்கும் கொண்டுபோகாது. பிடிஎஃப், இபப் (EPUB) என்று இரண்டு மின்னூல் வடிவங்களிலும் விற்பதானால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். இங்கே தேசிய நூலக வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம்.