கண்ணாடில ஏறுற எட்டுக்கால் பூச்சி வாஷ்பேசின்ல விழுந்தா மட்டும் ஏன் ஏற முடியாம தவிக்குது?

ரெண்டும் ஒரே பூச்சி இல்லைங்க, அங்கதான் கொழப்பமே. கண்ணாடில விறுவிறுன்னு ஓடுறது குதிக்கிற சின்ன சிலந்தி, இல்லன்னா காலண்டருக்குப் பின்னாடி தட்டையா ஒளிஞ்சிருக்குமே பெருசா ஒன்னு, அது. இதுங்க வலை கட்டி ஒக்காராம ஓடியாடி இரை புடிக்கிற சாதி. வாஷ்பேசின்ல மாட்டுறது பெரும்பாலும் மூலைல ஒட்டடை கட்டி தலைகீழா தொங்குற ஒல்லிக்கால் ஆளு.

குதிக்கிற சிலந்தி ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கும்போது இந்தப் பக்கத்துலேர்ந்து போனுக்கு மேக்ரோ லென்ஸ் போட்டுப் பாருங்க, ஒவ்வொரு கால் நுனியிலயும் கருப்பா குஞ்சம் மாதிரி முடி தெரியும். அந்த முடி ஒவ்வொன்னும் நுனியில கண்ணுக்கே தெரியாத பொடி முடியா பிரிஞ்சு போகுது. 2004ல ஒரு வகை குதிக்கிற சிலந்திய எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பாத்து கணக்கு போட்டிருக்காங்க, எட்டு காலுக்கும் சேத்து 6 லட்சத்துக்கு மேல நுனி, எல்லாம் ஒரே நேரத்துல பதிஞ்சா அதோட எடை மாதிரி சுமார் 170 மடங்கு தாங்குமாம்!

பசை கெடையாது, உறிஞ்சிப் புடிக்கிறதும் கெடையாது (எல்லாரும் அடிச்சு விடுற கதை அது). நுனி அவ்ளோ பொடியா இருக்கறதால கண்ணாடிய ஒட்டி நெருங்கிடும், அப்போ மூலக்கூறுங்களுக்கு நடுவுல வர்ற லேசான இழுப்பு, அதாங்க ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரில வர்ற வாண்டர்வால்ஸ் விசை, லட்சக்கணக்குல சேந்து புடிச்சிக்குது. பல்லிக்கும் முக்கியமா இதே டெக்னிக்தான். கால எடுக்கணும்னா டேப்ப ஓரத்துலேர்ந்து உரிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா எடுத்துடும். எங்க கடலூர்ல கடல் காத்துக்கு ஜன்னல் பூரா உப்பும் தூசியும்தான், அதுல நுனி சரியா பதியாது, அதான் அப்பப்ப நின்னு கால வாயில வெச்சு சுத்தம் பண்ணிக்கும்.

ஒட்டடைக்காரனுக்கு இந்தக் குஞ்சம் இல்ல. வலை நூல கவ்வறதுக்கு கால் நுனியில மூணு நகம் இருக்கு, சொரசொரன்னு இருக்கிற செவுத்துலயும் அது மாட்டும், வழவழ பீங்கான்ல எங்க மாட்டும்? தேளும் இதே கேஸ்தான், கண்ணாடி பாட்டில்ல போட்டா ஏறாது. சிலந்தியோட சொந்தக்காரங்கள்ல நாய் உண்ணி ஏறிடும், அதுக்கு நகத்தோட சேத்து மெத்துன்னு ஒரு திண்டு இருக்கு, அது வேற வழி.

அப்புறம் வாஷ்பேசின்ல அந்த ஒல்லிக்கால் ஆள பாத்தா பைப்ப தொறந்து வுட்றாதீங்க, பழைய துண்டு ஓரத்த உள்ள தொங்க விட்டா போதும், நகத்த மாட்டிக்கிட்டு அதுவே ஏறி போயிடும்.