கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 31 ஆண்டுகள் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் மூன்று மகளிர் சுய உதவிக் குழுக்கள் நடக்கின்றன. அவர்களுடைய புத்தகங்களை நானே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அது பயன்படுமா?
– ஓய்வு பெற்ற கணக்கர், உடுமலைப்பேட்டை

பதில்: உங்கள் அனுபவம் நிச்சயம் பயன்படும். ஆனால், புத்தகங்களை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாட்டின் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992-இல் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை நபார்டு வங்கி கொண்டுவந்தது. சொத்தும் ஜாமீனும் இல்லாத பெண்களுக்கு வங்கி கடன் தரத் துணிந்ததற்கு அவர்களுடைய கட்டுப்பாடே அடிப்படை. முறையான கூட்டம், முறையான சேமிப்பு, தங்களுக்குள் கடன், தவறாத தவணை, சரியான கணக்கு என்று குழுக்களுக்குச் சொல்லித்தரப்படும் ஐந்து நெறிகளில் கடைசியாக வரும் கணக்குதான் மற்ற நான்குக்கும் சாட்சி. அந்தச் சாட்சியை வெளியாள் ஒருவர் எழுதத் தொடங்கினால், சில மாதங்களிலேயே உறுப்பினர்கள் புத்தகத்தைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். எழுதியவர் உடல்நலம் குன்றினாலோ ஊர் மாறினாலோ குழுவே நின்றுபோகும். அப்படி நின்றுபோன குழுக்களை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவின் கடன் பேரேட்டைச் சரிபார்க்க என்னை அழைத்திருந்தார்கள். ரொக்கப் புத்தகமும் பேரேடும் வங்கி பாஸ்புக்கும் ஒரு ரூபாய் வித்தியாசமில்லாமல் பொருந்தின. சரி என்று எழுதிக் கையொப்பமிட்டுவிடலாம் என்றே இருந்தேன். அதற்கு முன், ஒவ்வொருவர் பெயரையும் கட்டிய தவணைகளையும் குழுவை வழிநடத்தும் உறுப்பினரான ஊக்குநரை உரக்க வாசிக்கச் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மா, ஆயிரம் ரூபாய்த் தவணையில் தாம் ஏழு கட்டியிருப்பதாகவும் ஆறு என்று வாசிக்கப்படுவதாகவும் எழுந்து சொன்னார். ஒவ்வொரு தவணைக்கும் அவர் வீட்டுக் கதவின் உட்புறத்தில் கரியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். போய்ப் பார்த்தோம், ஏழு கோடுகள் இருந்தன. அதே பெயருள்ள இன்னொரு உறுப்பினரின் பக்கத்தில் அந்த ஆயிரம் வரவாகியிருந்தது. தவறான ஆளின் கணக்கில் ஏறிய தொகை கூட்டலில் தெரியாது என்பது நீங்களும் நானும் படித்த முதல் பாடங்களில் ஒன்று. மொத்தத் தொகையைப் பார்த்த எனக்குத் தெரியாதது, தன் வரியைக் காதால் கேட்ட அவருக்குத் தெரிந்தது.

ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும், கையொப்பம் வாங்குவதற்கு முன்பே, பெயர் வாரியாகச் சேமிப்பும் கடன் நிலுவையும் வாசிக்கப்படும் பழக்கத்தை உண்டாக்குங்கள். ஊக்குநரைத் தவிர இன்னும் இருவரையாவது, பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய இளம் பெண்களாக இருந்தாலும், ரொக்கப் புத்தகம் எழுதப் பழக்குங்கள். கைரொக்கத்தை எல்லோர் முன்னிலையிலும் எண்ணச் சொல்லுங்கள். பிழை கண்டால் பென்சிலை அவர்களிடமே கொடுத்துவிட்டு, அவர்கள் திருத்தும்வரை பக்கத்தில் அமர்ந்திருங்கள். 31 ஆண்டுகள் கணக்கு எழுதிய கைக்கு அந்தப் பொறுமைதான் கடினம்; அதையே அவர்களுக்காகச் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் உள்கடனுக்கு ரெண்டு வட்டி வாங்குகிறோம். பத்தாயிரம் கடனுக்குப் பத்து மாதம், மாதம் இருநூறு வட்டி. அது அதிகம் என்று கணக்கு தெரிந்த தம்பி ஒருவர் சொல்கிறார். வெளியில் தண்டல்காரர்கள் வாங்குவதை விட இது குறைவுதானே?
– ஊக்குநர், பாபநாசம்

பதில்: தண்டலை விடக் குறைவு என்பதில் ஐயமில்லை. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு மட்டும் கையில் தந்து, நாளுக்கு நூறாக நூறு நாள் வசூலிக்கும் தண்டலின் வட்டி, ஆண்டுக் கணக்கில் நூறு விழுக்காட்டைத் தாண்டும். ஆனால் அந்தத் தம்பி சொல்வதும் சரியே. அவரைக் கூட்டத்துக்கு அழையுங்கள்.

கடன் வாங்கியவர் மாதம் ஆயிரம் அசலைத் திருப்பிக் கட்டுகிறார் அல்லவா? அப்படியானால் முதல் மாதம் அவர் கையில் குழுவின் பணம் 10,000, அடுத்த மாதம் 9,000, பத்தாம் மாதம் வெறும் 1,000. அந்த நிலுவைகள் எல்லாவற்றையும் கூட்டினால் 55,000. அதற்கு நூற்றுக்கு இரண்டு என்றால் மொத்த வட்டி 1,100 ரூபாய்தான். நீங்களோ மாதம் இருநூறு வீதம் 2,000 வாங்குகிறீர்கள். பிளாட் வட்டி என்று சொல்லப்படும் இந்த முறையில், ரெண்டு வட்டி என்று பெயர் சொல்லி, உண்மையில் ஏறக்குறைய மூன்றரை வட்டி வாங்குகிறீர்கள்.

பணம் குழுவுக்குள்ளேதானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அடிக்கடி கடன் வாங்க வேண்டிய நிலையில் இருப்பவர் குழுவிலேயே மிகவும் ஏழை, ஆண்டு முடிவில் லாபத்தைப் பங்கு பிரிக்கும்போது கடனே வாங்காதவரும் அவரும் ஒரே அளவு பெறுகிறார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கடனிலிருந்தே நடைமுறைப்படுத்துங்கள்.

இதே கணக்கை நுண்கடன் நிறுவனங்கள் தரும் கடன் அட்டையிலும் போட்டுப் பார்க்க உறுப்பினர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறைகளின்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத் தரப்படும் பிணையில்லாக் கடனின் விவரங்களை அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். எல்லாக் கடன்களுக்குமான தவணைகள் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. மாலை ஆறு மணிக்கு மேல் வசூலுக்காகத் தொலைபேசியில் அழைக்கவும் கூடாது.

கேள்வி: வணிகவியல் படிக்கும் நாங்கள் பன்னிரண்டு மாணவர்கள், தள்ளுவண்டி வியாபாரிகள் வாழும் பகுதியில் நிதி விழிப்புணர்வு வகுப்பு ஒன்று நடத்தவிருக்கிறோம். எதைப் பேசலாம்?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: வகுப்பு வேண்டாம் அம்மா. பகல் முழுதும் வெயிலில் நின்றுவிட்டு வருகிறவர்களை உட்காரவைத்துச் சேமிப்பின் அவசியத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு அது நம்மை விட நன்றாகத் தெரியும். பாஸ்புக்கை எடுத்துவரச் சொல்லுங்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் அமர்ந்து, வரி வரியாக வாசித்துக் காட்டுங்கள்.

மே மாத இறுதியை ஒட்டி 20 ரூபாயும் 436 ரூபாயும் பிடிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது பிரதமரின் விபத்துக் காப்பீடு, மற்றது ஆயுள் காப்பீடு. விபத்து மரணத்துக்கு முதலாவதிலும், எக்காரணத்தால் இறந்தாலும் இரண்டாவதிலும் இரண்டு லட்சம் ரூபாய் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும். எதற்கென்று தெரியாமல் பணம் பிடிக்கப்பட்டவர்களும் உண்டு. கணவர் இறந்த பிறகும் அந்த வரியின் பொருள் தெரியாமல் பாஸ்புக்கைப் பெட்டியில் வைத்திருந்த குடும்பத்தையும் நான் சந்தித்திருக்கிறேன். பணம் பிடிக்கப்படவில்லை என்றால், சேர விருப்பமா என்று கேளுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

ஏடிஎம் ரகசிய எண்ணையோ கைப்பேசிக்கு வரும் ஓடிபியையோ எக்காரணத்துக்காகவும் கேட்காதீர்கள். நிரப்பாத படிவத்தில் கையொப்பம் வாங்காதீர்கள். பாஸ்புக்கை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். நாமினி பெயரையும் தவறாமல் கேளுங்கள். திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில், காலமாகிவிட்ட தகப்பனாரின் பெயரே இன்னும் இருக்கக்கூடும். நாமினியை மாற்றும் படிவத்தைக் கணக்கு வைத்திருப்பவரோடு சேர்ந்து நிரப்பி, வங்கிக்கு உடன் சென்று, முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.